தொவ்லி

கொலோனில் கார்னிவல் வந்துவிட்டால் போதும், மரியாதையான மனிதர்கூடக் கோமாளி வேஷத்தில் தெருவுக்கு இறங்கிவிடுவார். வேஷ உடைக் கடை வைத்திருக்கும் பிரான்ட் அம்மையாருக்கு அப்போது மூச்சுவிட நேரமிருக்காது. இந்த முறை கூம்பு வடிவ மூங்கில் தொப்பிகளும் வந்து இறங்கியிருந்தன.

"'கூலித் தொப்பி' என்று அட்டை எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள், தேனுஜா," என்றார் அம்மையார். ஜெர்மன்காரர் வாயில் அதற்கு நெடுங்காலமாக அதுதான் பெயர்.

"சீனத்தில் இதற்குத் தொவ்லி என்று பெயர். வயலிலும் படகிலும் மழைக்கும் வெயிலுக்கும் போடுவது. அதையே எழுதுகிறேனே," என்றாள் தேனுஜா. கூடப் படித்த லின் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும்.

"தொவ்லி என்று கேட்டு யார் வருவார்? நாளைக் காலை அட்டை இருக்க வேண்டும். உங்கள் நிரந்தர ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடுவதும் நாளைதான்."

தேனுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் தகப்பன் கதிர்காமநாதன் சோற்றுக் கோப்பையோடு பாய்ந்தார்.

"விசரே உனக்கு? கூலி எங்கட சொல்லெல்லோ! வேலைக்குக் குடுக்கிற காசு. அதில என்ன வெக்கம்? நானும் ஹோட்டல் குசினியில கூலிக்குத்தானே முறிஞ்சனான்?"

"அவை காசைச் சொல்லேல்லை அப்பா, ஆளைச் சொல்லினம், சீனச் சனத்தை இளக்காரமா. எங்கட சொல்லை வைச்சு இன்னொரு சனத்தைக் கேவலப்படுத்த என்னால ஏலாது."

"வேலை போனா?"

"போகட்டும்."

அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் கண்ணாடிக்குள் 'தொவ்லி' என்ற அட்டை நின்றது. கீழே, மழைக்கும் வெயிலுக்குமான சீன மூங்கில் தொப்பி என்று ஒரு வரி. அம்மையார் முகம் சிவந்தது.

"ஒருவருக்கும் இது புரியாது."

"புரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் எழுத மாட்டேன். கையெழுத்து உங்கள் விருப்பம்."

அம்மையார் அட்டையை எடுக்கவில்லை. ஒப்பந்தத்தையும் எடுக்கவில்லை. தற்காலிக வேலைக்கு மூன்று மாத நீட்டிப்பு மட்டும் தந்தார். தேனுஜாவுக்கு அழுகை வந்தது, ஆனாலும் கடையில் அழவில்லை.

"என்னவாம்?" என்றார் தகப்பன், அவள் சப்பாத்தைக் கழற்றும் முன்பே.

"மூண்டு மாசம்தானாம்."

"அட்டை?"

"அங்கதான் நிக்குது."

கதிர்காமநாதன் அவள் கழற்றிய சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"குசினியில என்னையும் கூலியெண்டுதான் கூப்பிட்டவை, பிள்ளை," என்றார். "பேர் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. நான் சிரிச்சுக்கொண்டே போறனான்."