மகாலட்சுமி மிஸ்ஸின் வகிடு

“புறங்கையால வைம்மா, உள்ளங்கை படக்கூடாது,” என்று பொன்னுத்தாய் அத்தை சொல்ல, வைஷ்ணவி எண்ணெயையும் சீயக்காயையும் புறங்கையால் தொட்டு அம்மாவின் தலையில் வைத்தாள். மகள் என்பதால் அவளுக்குத்தான் முதல் உரிமை. அதில் அவளுக்கு ஒரு திருப்தி. பெற்றவள் பெஞ்சில் பிணமாகக் கிடக்கும்போது இப்படியும் ஒரு நினைப்பா என்றால், ஆமாம், அப்படித்தான். சின்ன வயதிலிருந்து வெந்த மனசு அது.

மன்னார்புரத்தில் மகாலட்சுமி மிஸ்ஸின் இங்கிலீஷ் டியூஷன் என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஒருத்தருடைய பொருள் என்றால் ‘எஸ்’ஸுக்கு முன்னால் மேலே ஒரு கமா, பல பேருடையது என்றால் பின்னால். அந்த அபாஸ்ட்ரஃபி பாடத்தை நடத்தும்போது மிஸ் பிள்ளைகளின் சாமான்களையே எடுத்துக் காட்டுவாள். ஆலியாவின் பேனா. அல்ஃபியாவின் குடை. மாணவிகளின் செருப்புகள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்த மகளின் பெயர் ஒரு நாளும் போர்டில் ஏறியதில்லை.

“என் பேரைப் போட்டா என்னவாம்?”

“நீ எங்கடி போயிடப் போற? வீட்டுப் பிள்ளை,” என்று அம்மா சிரித்துவிட்டாள்.

அம்மா யாருடையவள் என்று எழுதினால் கமா பின்னால்தான் விழும், அவள் பல பேருடையவள் என்று அன்றைக்கே வைஷ்ணவிக்குப் புரிந்துபோனது. பெரியவளானதும் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனாள். அம்மா படுத்த படுக்கையானபோது பக்கத்துத் தெருவில் இருந்த அதே ஆலியாதான் கஞ்சி கொடுத்தாள், தலை வாரினாள். வீடியோ காலில் வரும்போதெல்லாம், “ஆலியா இருக்கா, நீ கவலைப்படாதே,” என்பாள் அம்மா. அந்தப் பேரைக் கேட்டாலே வைஷ்ணவிக்கு வயிறு எரியும்.

இப்போது அந்த ஆலியாவே துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நானும் வைக்கலாமா அக்கா?”

வேண்டாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொந்தபந்தம் பார்க்கிறதே என்று தலையாட்டினாள்.

ஆலியா எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். யாரும் தடுப்பதற்குள் மிஸ்ஸின் உச்சியில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். சீயக்காயை எடுத்தபோது, “கண்ண மூடிக்கோங்க மிஸ், எரியும்,” என்று பழக்கத்தில் சொல்லியும் விட்டாள்.

“அய்யய்யோ, புறங்கைடி!” என்று அத்தை அலறினாள்.

“தெரியாதுங்க...” ஆலியா பின்வாங்கினாள்.

வைஷ்ணவிக்கு ஆத்திரம் பொங்கியது. முறை தப்பிப்போனதற்காக இல்லை. முறையாகச் செய்த மகளுக்குப் புறங்கை, இவளுக்கு மட்டும் உள்ளங்கையா? பாவி, கடைசியிலும் தட்டிக்கொண்டு போய்விட்டாளே!

குளிப்பாட்டிச் சேலை மாற்றியதும், “தலைய நான்தான் வாருவேன்,” என்று சீப்பைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். சின்ன வயதில் பார்த்த நடு வகிடாகவே எடுத்தாள். ஈர முடி பிரிந்ததும் உச்சியில் பெரிய வழுக்கை தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவு முடி எப்போது கொட்டியது? அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

“சீக்கிரம்மா, வண்டி வந்துருச்சு,” என்றாள் அத்தை.

வைஷ்ணவி திரும்பாமலே கேட்டாள். “ஆலியா, அம்மாவுக்கு எந்தப் பக்கம் வகிடு எடுப்ப?”

“இடது பக்கம் அக்கா. காதுக்கு மேலேருந்து எடுத்து அதை மூடிடணும். நீங்க வீடியோ கால்ல வர்றப்போ தெரிஞ்சுடக்கூடாதும்பாங்க.”

வைஷ்ணவி சீப்பை இடது காதுக்கு மேலே கொண்டுபோனாள். முடி படியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். அத்தை, வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வாசலுக்குப் போனாள்.