சாத்தான் ஏரியில் பதின்மூன்று எழுத்து

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்த என் அப்பா, சார் போட்டு மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். என் முழுப் பெயரையும் அதிலேயே எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார். அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. நான் வேலைக்கு வந்த சான் ஹோசே நகரில் அதையே என் பெயராக்கிவிட்டார்கள். ஆறு வருடமாக நான் 'ஃபுனு'. முதலில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் போய்த் தொலையட்டும் என்று விட்டேன். விட்டது என் தப்பு.

பழைய படச்சுருள்களைக் கணினியில் ஏற்றிக் கீறல் நீக்குகிற சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. முதலாளி பெயர் டக். போன வருடம் ஓர் இத்தாலியப் பேய்ப்படம் வந்தது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் கொட்டகைகளுக்காக ஐம்பது வருடத்துக்கு முன் இங்கே வாங்கி வந்த படம். சொந்தப் பெயர் 'அக்காவின் கிணறு'. வாங்கியவர்கள் அதை 'தி வேம்பயர் கேர்ள்ஸ் ஆஃப் சேட்டன் லேக்' ஆக்கினார்கள். படத்தில் ரத்தம் குடிக்கிற வேம்பயரும் கிடையாது, சாத்தான் ஏரியும் கிடையாது. எங்கள் கோபிச்செட்டிபாளையத்தில் இங்கிலீஷ் படத்துக்கு 'ரத்தவெறி முதலை' என்று தமிழில் போஸ்டர் ஒட்டினால், ஒரு முதலையாவது வரும்.

அதோடு விட்டார்களா? இயக்கிய லிவியா தர்செத்தியின் பெயரைத் தூக்கிவிட்டு, ஹாங்க் பார்க்கர் என்று இல்லாத ஓர் ஆளைப் போட்டார்கள். லிவியாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஏதோ சந்தேகம் கேட்டு நான் மெயில் எழுதியபோது, பதிலோடு ஒரு பழைய போட்டோவும் அனுப்பினார். டிரைவ்-இன் வாசல் போர்டில் ஹாங்க் பார்க்கர். 'ஐம்பது வருடமாக இதை வைத்திருக்கிறேன். என் பெயர் போட்ட போர்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாயா?' என்று கேட்டிருந்தார். அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

படத்தைக் காட்ட டக் ஒரு டிரைவ்-இன்னைச் சனிக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்தார். திரையில் லிவியா பெயர் இருக்கட்டும், வாசல் போர்டில் பழைய பெயர்கள்தான், கூட்டம் அதற்குத்தான் வரும் என்றார். நான் சண்டை போட்டேன். அவர் சிரித்தார்.

"நீயே ஆறு வருஷமா ஃபுனுவாத்தானே இருக்கே? என்ன குறைஞ்சு போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை, அதனால்தான் அப்படி எரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே என் கணவர் ரஞ்சித்குமாரைக் கிளப்பிக்கொண்டு போனேன். டிக்கெட் அறையிலிருந்து ஏணியையும், போர்டில் மாட்டுகிற இங்கிலீஷ் எழுத்துகள் கிடந்த பெட்டியையும் நான் இழுத்து வந்ததைப் பார்த்து அவர் பதறினார்.

"அம்மணி, green card apply பண்ணியிருக்கற நேரம். உன் முதலாளி கையெழுத்துலதான் நம்ம file ஓடுது. வேண்டாம், சொன்னாக் கேளு!"

"அப்ப நீங்க கார்லயே இருங்க. நானே ஏறிக்கறேன்."

முனகிக்கொண்டே வந்து ஏணியைப் பிடித்தார்.

போர்டில் ஏற்கெனவே ஏறியிருந்த ஹாங்க் பார்க்கரைக் கழற்றிக் கீழே போட்டேன். லிவியா தர்செத்தி ஏறினார். போட்டோ எடுத்து அப்போதே அனுப்பினேன். அதோடு இறங்கியிருக்கலாம். வாக்கு நிறைவேறிவிட்டது. ஆனால் மேல்வரியில் சாத்தான் ஏரி பல்லிளித்தது. பெட்டியில் ஏ தீர்ந்துவிட்டது, எனக்கோ மூன்று ஏ வேண்டும்.

வேம்பயரைப் பிரித்தேன். வி, ஏ, எம், ஐ, ஆர், இ. சேட்டனிடமிருந்து இன்னும் இரண்டு ஏ, ஒரு டி, ஒரு எஸ். கேர்ள்ஸிலிருந்து ஐ, எல். முன்னால் சும்மா நின்ற தி-யிலிருந்து ஹெச். மொத்தம் பதின்மூன்று எழுத்து. மிச்சத்தைக் கீழே தள்ளிவிட்டு, பதின்மூன்றையும் லிவியாவுக்குக் கீழே வரிசையாக மாட்டினேன். என் பெயரை அத்தனை பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை. ஏணியில் நின்றபடியே அழுதேன்.

"விழுந்துராத, தாமரை!" என்றார் கீழேயிருந்து.

டக் வந்தபோது போர்டில் இரண்டே வரிகள். படத்தின் பெயரே இல்லை. அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபுனு, முதல் பேரு புரியுது, இயக்குநர். கீழே இருக்கிற இந்த இன்னொரு இத்தாலிக்காரி யாரு? கதாநாயகியா?"

அதே பெயர் அடித்த என் சம்பளச் சீட்டில் ஆறு வருடமாகக் கையெழுத்துப் போடுகிற மனிதர் அவர்.

"உங்க ஆஃபீஸ்ல வேலை பாக்கறவ. நான்தான்" என்றேன்.

டக்கின் முகம் சிவந்தது. போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிட்டன.

"திங்கட்கிழமை என் அறைக்கு வா. பேசணும்."

"வர்றேன். ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று ஏணியை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தேன். "போர்டுலதான் எழுதியிருக்கே. படிச்சுப் பழகிக்குங்க."