ஓமம் போட்ட ரொட்டி

சின்ன மீனுக்கு முதலில் முதுகு முள்ளை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கையைப் பதம் பார்த்துவிடும். பிறகு வாலிலிருந்து தலைப் பக்கமாகக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும். மீனை நனைத்துக்கொண்டால் செதில் பறக்காது. அவள் அப்படித்தான் உள்ளங்கை அளவு ஏரி மீன்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வாரத்தில் கணவர் மீன் கொண்டுவருவது இது மூன்றாவது முறை. "வேலை முடிஞ்சு வர்ற வழியில சந்தையில வாங்கினேன்" என்றார். அவருடைய அச்சகத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டதிலிருந்தே அவள் அவரிடம் விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு அந்த ஒரு சம்பளம்தான். கேட்டபோதெல்லாம், "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ" என்பார்.

"எல்லாம் ஒரே அளவா பொறுக்கி எடுத்திருக்கானே என் புள்ள!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் மாமியார். "பொண்ணு பாக்கப் போனப்போ இந்தப் பொறுமை இல்லையே."

"அதனாலதான் அத்தை நான் தப்பிச்சு உள்ள வந்துட்டேன்."

செவுளை எடுக்க வாயைப் பிளந்தபோது உதட்டோரம் ஒரு கிழிசல் தெரிந்தது. அடுத்த மீனிலும் இருந்தது. வலையில் அகப்பட்ட மீனுக்கு உடம்பில்தான் தடம் இருக்கும். உதட்டைக் கிழிப்பது தூண்டில். யாராவது தூண்டில்காரர் விற்றிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வயிற்றைக் கீறும்போது கத்தியை ஆழமாக இறக்கக் கூடாது. பித்தப்பை உடைந்தால் மீன் முழுக்கக் கசந்துவிடும். குடலைப் பதமாக இழுத்தாள். இரைப்பை புடைத்திருந்தது. பிதுக்கினால் வெள்ளை மாவு, நடுவே ஓமம். கணவரின் வயிற்றுக்கு நல்லதென்று, காலையில் அவருடைய மதியச் சாப்பாட்டுக்கான ரொட்டி மாவில் அவள் போட்டுப் பிசைந்த ஓமம்.

கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. சின்ன முள்ளெல்லாம் எண்ணெயில் மொறுமொறுவென்று ஆகட்டும் என்று விலாவில் நெருக்கமாகக் கீறல் போட்டாள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிச் சட்டியில் இட்டாள்.

கணவர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"மத்தியானம் என்னங்க சாப்பிட்டீங்க?"

"நீ வச்ச ரொட்டிதான். ஏன்?"

ஓரமாக வைத்திருந்த மாவுருண்டையைக் காட்டினாள். "அதை மீனுல்ல சாப்பிட்டிருக்கு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்போ நிறுத்தினாங்க?"

"போன மாசக் கடைசியில." குரல் இறங்கியிருந்தது. "வேற எடம் கெடச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஏரிக்கரையில யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நான் கேட்டேனே."

"என்னம்மா, தீயுற வாசனை வருது!" என்றார் மாமியார்.

அவள் அவசரமாகப் பிரட்டினாள். தோல் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரம் துடைக்காமல் போட்டால் அப்படித்தான் ஆகும். இத்தனை வருஷத்தில் அவள் அதை மறந்ததே இல்லை.

"அம்மாவுக்கு இப்போ தெரிய வேண்டாம்" என்றார்.

"அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

முழுசாகத் தேறிய மீன்களை மாமியாரின் தட்டில் வைத்தாள். பிய்ந்துபோனவற்றைத் தங்கள் இருவருக்கும் பங்கிட்டாள்.

"வாங்க அத்தை, சூடா இருக்கு."

கணவர் கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.