ஒளிராத தண்ணீர்

அன்று அக்கா என்னிடம் முதலில் கேட்டது என்ன என்று உறுதியாக நினைவில்லை. ஒரு கேள்வியைப் பல வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லி, அதன் சொற்களை நானே மாற்றியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே, செருப்பு ரேக்கின் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்து அவள் உட்கார்ந்திருந்தது நிஜம்.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கொஞ்ச நாளாக டயாலிசிஸில் படுத்தாலே உடம்பு தூக்கிப்போட்டது. மறுநாள் மறுபடி போக வேண்டும். போனால் நடுக்கம், போகாவிட்டால் ரத்தத்தில் கழிவு ஏறும். அந்த மருத்துவமனையின் டயாலிசிஸ் தண்ணீர் சோதனைக்காக எங்களிடம் வந்திருந்தது.

செத்த பாக்டீரியாவும் தன் நச்சை விட்டுவிட்டுத்தான் போகும். தண்ணீரில் நாங்கள் ஒரு சாயம் விடுவோம். நச்சு இருந்தால் சாயம் அதில் ஒட்டிக்கொண்டு, நீல விளக்கின் கீழே பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு. அந்த இருட்டறையே கதியென்று கிடந்த என் சக ஊழியரை எல்லோரும் ஆந்தை என்போம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள்.

"சுத்தம்ப்பா. உங்க மாமா ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க நடிக்கிறாரோ என்னவோ," என்றாள் ஆந்தை. சாயம் விட்ட சோதனைக்குழாய் கரியாகக் கிடந்தது.

வெளியே வந்து தண்ணீர் சுத்தம் என்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அப்ப பக்கத்து பெட்டுக்காரங்களுக்கும் ஏன்டா நடுங்குது?"

உள்ளே போய் அப்படியே சொன்னேன். ஆந்தை அந்தக் குழாயை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"வேற தண்ணி கலக்காம நேராவே பார்த்துட்டோம்ல?" என்றாள்.

"எப்பவும் அப்படித்தானே? வடிகட்டின தண்ணிதானே."

"அதான்."

சுத்த நீர் கலந்து நீர்க்கச் செய்து பார்ப்பது சாக்கடைத் தண்ணீருக்கு மட்டும் என்பது எங்கள் வழக்கம். நச்சு அளவுக்கு மீறினால் சாயம் அதோடு கட்டியாகத் திரண்டு, தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும். இருவருக்கும் தெரிந்ததுதான். இந்தத் தண்ணீரிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

ஒரு துளியை நிறையச் சுத்த நீரில் விட்டு, சாயம் கலந்து, விளக்கின் கீழே வைத்தாள். குழாய் பச்சையாக எரிந்தது.

"அடப்பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. உடனே மருத்துவமனைக்கு ஃபோன் போட்டாள்.

நான் அக்காவிடம் போனேன்.

"நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போகாதக்கா. தண்ணி விஷம்."

"வேற எங்கடா கூட்டிட்டுப் போறது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மருத்துவமனை இயந்திரங்களை நிறுத்தியது. வடிகட்டிகளை மாற்றிய பிறகு மற்ற நோயாளிகளுக்கு நடுக்கம் நின்றது. அதற்கு முன்பே, வேறிடத்தில் இடம் கிடைப்பதற்குள், டயாலிசிஸ் இல்லாமல் மாமா நுரையீரலில் நீர் கோத்து அந்த வாரமே இறந்துபோனார். ஆந்தை வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே இருக்கிறேன்; எந்தத் தண்ணீர் வந்தாலும் நீர்க்கச் செய்தும் பார்க்கிறேன். அக்கா மகளோடு இருக்கிறாள். என்னோடு பேசுகிறாள், அந்த வாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி.