கைதட்டு வாங்கிய வாக்கியம்

மவுண்ட் ரோஸ்கில் தேவாலய மண்டபத்தில் கொரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஏர்னஸ்ட் மாஸ்டர், கோட்டுப் போடாமல் ஒரு வினைச்சொல்லைக்கூடத் தொடமாட்டார். அன்று பலகையில் ‘இன்கன்குளூசிவ்’ என்று எழுதினார். முடிவு தெளிவாகாத பரிசோதனைக்கு வரும் பெயரடை என்று விளக்கி, வாக்கியம் கேட்டார்.

மாணவி ஹேவொன் எழுந்தாள். “என் மகளுடைய மூளை ஸ்கேன் இன்கன்குளூசிவ். மூன்றாவது தடவையும்.”

“அற்புதம்! பிழையே இல்லை!” மாஸ்டர் வகுப்பையே கைதட்ட வைத்தார்.

ஆசிரியர் பாராட்டினால் குனிந்து வணங்குவது அவளுடைய ஊர் வழக்கம். குனிந்தாள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் நிமிரவில்லை.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மரியநாயகி கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “இஞ்சேருங்கோ, அவ அழுறா.”

“ஓம், பின்ன? முதல்தரம் பிழையில்லாமல் கதைச்சால் ஆருக்கும் அப்பிடித்தான்” என்ற மாஸ்டர், அடுத்த சொல்லை எழுதத் திரும்பினார்.