மூன்றாவது போல்ட்

முதலாண்டு மாணவர்கள் நால்வர் சேர்ந்து ஒரு குட்டிக் கிரேன் செய்திருந்தார்கள். நால்வர் என்பது சும்மா பேச்சுக்கு. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு கிலோ இரும்பைத் தூக்கும் அந்தக் கிரேனுக்கு அறுத்தது, துளை போட்டது, முடுக்கியது எல்லாம் ஒரே ஆள்தான். அவனுக்குச் சூரன் என்று பட்டம். வேறு யார் ஸ்பேனரைத் தொட்டாலும், "விடு, நீ சொதப்பிடுவே" என்று பிடுங்கிக்கொள்வான். இரண்டு பேர் அதுவே சௌகரியம் என்று கேன்டீனே கதியாகக் கிடந்தார்கள். நான்காவது ஆளான பெண்ணுக்கு மட்டும் ஆசை விடவில்லை. வேலை நடந்த பத்து நாளும் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அவள் கையில் ரெக்கார்டு நோட்டைத் திணித்து, ரைட்டர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

செய்முறைத் தேர்வில் ஒர்க்‌ஷாப் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குழுவுக்கு ஒரு சீட்டு எடுப்பார். அதில் பெயர் வந்தவர் இருபது நிமிடத்தில் கிரேனைப் பிரித்து, மறுபடி பூட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஃபெயில். மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் திறந்தவருக்கு ஃபெயில். ஃபெயிலானால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

சீட்டில் ரைட்டர் பெயர் வந்தது.

முதல் இரண்டு போல்ட்டும் சொன்னபடி கேட்டு வந்தன. மூன்றாவது அசையவில்லை. காரணம் சூரனுக்கு மட்டும்தான் தெரியும். முந்தின நாள் மாலை அவன் முடுக்கும்போது அந்த போல்ட் மரை தேய்ந்து வழுக்கியது. தன் கைவேலையில் ஓட்டை என்று மற்றவர்களுக்குத் தெரிவதா? யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, இரும்பை ஒட்டும் பசையை ஊற்றி அமுக்கிவிட்டான். விடிவதற்குள் அது கல்லாகிவிட்டது.

ரைட்டர் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். முகம் சிவந்துவிட்டது.

"இதுக்குத்தான் கையால செஞ்சு பழகணும்னு சொல்றது" என்றார் மேடம்.

"பழகிடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவளுக்குத் தெம்பில்லை என்றே எல்லோரும் நினைப்பார்கள், அவளும் நினைப்பாள். சூரனுக்கு அதுதான் தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மேடம், அது வராது. நான் பசை போட்டு ஒட்டிட்டேன். இவங்க யாருக்கும் தெரியாது."

"பேசினா என்னன்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

மேடம் அவன் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். பிறகு ரைட்டரிடம் திரும்பினார். "பத்து நிமிஷம் கூட எடுத்துக்கோ. என்ன பண்ணப் போறே?"

"போல்ட் தலையை அறுத்துட்டு, பக்கத்துலயே புதுசா துளை போட்டு, வேற போல்ட்டும் நட்டும் வெச்சுப் பூட்டறேன் மேடம்."

அவள் ரம்பம் பிடித்த அழகைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பிளேடு இரண்டு தடவை நழுவியது. சூரனின் கை துறுதுறுத்தது. கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டான். துளை கொஞ்சம் ஓரமாகத்தான் விழுந்தது, கிரேன் லேசாகச் சாய்ந்துதான் நின்றது. ஆனாலும் கைப்பிடியைச் சுற்றியதும் ஒரு கிலோ இரும்பு முக்கி முனகி மேலே ஏறிவிட்டது. தேர்வு முடிந்தது என்று மேடம் தலையாட்டியதும், கேன்டீனே கதியாகக் கிடந்த இருவரும் விசிலடித்தார்கள்.

வெளியே வராந்தாவில் சூரன் அவளருகே வந்து நின்றான்.

"ஸாரி" என்றான்.

அவள் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் இருந்தது, ஆனால் அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"ஸாரியெல்லாம் இருக்கட்டும். அடுத்த வருஷம் உன்கூட மூணு ஜூனியர்ஸ் இருப்பாங்க இல்ல? அவங்களையாவது செய்ய விடு."