அழித்துக் காட்டிய சர்வர்

கழுத்து மரத்துப் போயிருந்தது, காலையிலிருந்து குனிந்தே கிடந்தால் மரத்துப் போகாமல் என்ன செய்யும், மேசையில் இரண்டு சோதனைப் போன்கள், இரண்டாவது சர்வரில் மாட்டியதில் மெயில் வந்துவிட்டது, முதலாவதில் இன்னும் சக்கரம் சுற்றிக்கொண்டே… கம்பெனி மெயிலை எல்லார் போனிலும் சேர்க்க எந்த சர்வரை வாங்கலாம் என்று சாயங்காலத்துக்குள் மேலாளரிடம் சொல்ல வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இரண்டாவதுதான், சொன்னதை உடனே செய்கிறது. பழைய சர்வர் ஒரு சவலைப் பிள்ளை, காலையில் அனுப்பிய வேலை உத்தரவு யார்டில் நிற்கிற ஆளுக்கு அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு போய்ச் சேரும். "நான் நடந்தே வந்து உன் மெயிலை வாங்கிட்டுப் போயிருவேன் தங்கச்சி" என்பார் கொக்கி அண்ணன், கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவர், மாட்டினவர்…

மூன்றாவது போனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், அதற்குள் பார்த்துவிட்டாள். கிரீஸ் கறை போகாத போன், அவருடையது, வலது கையில் கட்டோடு வந்து சற்று முன்புதான் வைத்துவிட்டுப் போனார். "புதுசா வாங்கின மாதிரி பேரு கேக்குது, எந்த மொழின்னு கேக்குது. நான் எந்த மொழியில திட்டுறதுன்னு தெரிஞ்சுக்கணும் போல." அவள் சிரித்தாள், சிரித்திருக்கக் கூடாது. "டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, பாக்குறேன்." "போட்டோ மட்டும் எடுத்துக் குடுத்துரு, நாளைக்கு விசாரணையில கேப்பாங்க." எந்தப் போட்டோ என்று அவள் கேட்கவில்லை, கை நசுங்கியதற்கு அடுத்த வாரம் இதே மேசைக்கு முன்னால் நின்று இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாரே, கிரேனின் கம்பிக் கயிறு துருப்பிடித்து, இழை இழையாகப் பிரிந்து… அறுந்து சுமை அவர் கைமேல் விழுவதற்கு முன்பே எடுத்த படங்கள். வேறு யாருக்காவது அனுப்பி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை, யாரோ மெயில் வரவில்லை என்று கத்தினார்கள், ஓடிவிட்டாள்.

நேற்று மேலாளர் வந்து நின்றார். "கொக்கிக்காரரை வேலையிலேர்ந்து எடுத்தாச்சு. அவர் போன்ல கம்பெனி மெயில் இருக்கக் கூடாது, அழிச்சிடும்மா." மெயில் மட்டுமா, முழுப் போனுமா என்று சோதனைக்கு வைத்திருந்த அந்த இரண்டாவது சர்வர் கேட்டது, முழுப் போனில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது, அவள் படிக்கவில்லை, யார் படிக்கிறார்கள் அதையெல்லாம், சரி என்பதை அமுக்கினாள், விரலை எடுப்பதற்குள் 'அழிக்கப்பட்டது' என்று பதில். அப்பா, என்ன வேகம் என்று சந்தோஷப்பட்டாள், சீ… பழையதாக இருந்தால் அந்த உத்தரவு வழியில் எங்கேயாவது காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இரண்டு நாள் கழித்துப் போயிருக்கும், அதற்குள் விசாரணையே முடிந்திருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அது சொதப்பியிருக்க வேண்டிய நேரத்தில், அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, எதை வாங்கலாம்?" இரண்டாவது சார், நம்பலாம், என்றது அவள் வாய். "எனக்கு நேத்தே தெரியும்" என்றார், போய்விட்டார். நேற்றேவா… இத்தனை வாரமாக சர்வர் என்றாலே கொட்டாவி விட்டவர், நேற்று மட்டும் அவள் தோளுக்குப் பின்னால், பதில் வரும்வரை… அந்தக் குறி அவர் கண்ணிலும் பட்டிருக்குமா, பட்டுத்தான் பேசாமல்… இருக்காது, இருந்தால்தான் என்ன, அமுக்கிய விரல் யாருடையது?

"முடிஞ்சுதா தங்கச்சி?"

கதவில் சாய்ந்து நின்றார், வாயில் டீ வாசனை. படம் போய்விட்டது, படத்தைப் பார்த்த கண் போகவில்லை, அதை நாளைக்கு விசாரணையில் எழுந்து நின்று சொன்னால் இந்த நாற்காலி போகும், நாற்காலி போனால் தம்பி படிப்பு, வீடு… "இன்னும் கொஞ்ச நேரம்ணே" என்றாள். அவருக்கு அவள் தர வேண்டியது ஒரு சாட்சி, அது இன்னும் பாக்கி.